மியூனிக்கிலிருந்து வேளச்சேரிக்கு ஆறு நாள்

வழக்கமாக ஒரு பகலும் அரை இரவுமாக முடிந்துவிடும் பயணம். 2023 டிசம்பரில் எனக்கு அது 1ஆம் தேதி மாலை தொடங்கி 6ஆம் தேதி காலையில்தான் முடிந்தது. அங்கே பனி விமான நிலையத்தை மூடியது, இங்கே மழை மூடியது. வழியில் போனில் குறித்து வைத்ததை வைத்துக்கொண்டு, எல்லாம் ஓய்ந்த பிறகு ஒவ்வொரு நாளாக எழுதுகிறேன்.

டிசம்பர் 1, வெள்ளி

நான் மியூனிக்கில் முதுகலை படிக்கிறேன். ஃப்ரைமான் பக்கம் மாணவர் விடுதியில் அறை. வகுப்புகள் பிப்ரவரி வரை உண்டு, டிசம்பர் தொடக்கத்தில் யாரும் ஊருக்குப் போக மாட்டார்கள். எனக்கு மட்டும் போயாக வேண்டியிருந்தது. 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. அவள் கல்யாணத்துக்கும் தேர்வு வந்து நான் போகவில்லை. இதற்காவது வா என்று அவள் ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டாள். ஆய்வக வேலைகளை முன்கூட்டியே முடித்துக் கொடுத்து, பேராசிரியரிடம் கேட்டு, பன்னிரண்டு நாள் வாங்கியிருந்தேன்.

விமானம் சனிக்கிழமை காலை 11 மணிக்கு. அபுதாபி போய் மாறி, ஞாயிறு விடியற்காலை சென்னையில் இறங்க வேண்டும்.

வெள்ளி மதியம் வரை சாதாரணப் பனிதான். மூன்று மணிக்கு மேல் வேறு மாதிரி ஆனது. காற்றில் அலையும் மெல்லிய பனி இல்லை, ஈரமும் கனமுமாக நேராக இறங்கும் பனி. விடுதியின் பொதுச் சமையலறையில் ரோஸன்ஹைம் ஊர்ப் பையன் ஒருவன் நூடுல்ஸ் கிளறிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான். அவன் ஊர் ஆல்ப்ஸ் அடிவாரம், பனியைப் பார்த்தே வளர்ந்தவன். “இது நிற்காது. போவதானால் இன்றைக்கே விமான நிலையத்துக்குப் போய்விடு, நாளைக்கு ரயில் இருக்காது” என்றான். நான் நம்பினேன். இரவு எட்டு மணிக்கு இரண்டு பெட்டியோடு கிளம்பிவிட்டேன்.

மரீன்பிளாட்ஸில் மாறி எஸ்8 ரயில். அங்கிருந்து விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடம்தான். இஸ்மானிங் நிலையத்தில் ரயில் நின்றது, நின்றே இருந்தது. தண்டவாள மாற்றியில் பனி இறுகிவிட்டது என்று ஓட்டுநர் அறிவித்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவர் பேசினார். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாதபோதும், “இன்னும் புதுத் தகவல் இல்லை, ஆனால் உங்களை மறக்கவில்லை” என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து வண்டி நகர்ந்தபோது பெட்டியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகிவிட்டது. முன்னாலேயே வந்துவிட்டோம் என்று நிம்மதியாகத்தான் ஒரு பெஞ்சில் கால் நீட்டினேன்.

டிசம்பர் 2, சனி

ஐந்து மணிக்குக் கண் விழித்தால் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. விளக்குக் கம்பங்களைச் சுற்றி மட்டும் மஞ்சள் வட்டம், அதற்குள் பனி. நின்றுகொண்டிருந்த விமானங்களின் இறக்கைமேல் மெத்தை போட்டது போல் வெள்ளை.

முதலில் மதியம் வரை விமானப் போக்குவரத்து இல்லை என்றார்கள். பிறகு அதை ஞாயிறு காலை 6 மணி வரை நீட்டினார்கள். அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு வரியாகச் சிவப்பில் ‘அனுலியர்ட்’ என்று மாறிக்கொண்டே வந்தது. ரத்து என்று அர்த்தம். என் விமானம் பதினாறாவது வரியில் இருந்தது. அது மாறுவதை நின்றபடி பார்த்தேன். அன்றைக்கு மட்டும் அங்கே சுமார் 760 விமானங்கள் ரத்து.

இவ்வளவு பெரிய விமான நிலையம், தலா நான்கு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுபாதை, பனிக்குப் பழகிய ஊர். அப்படியிருந்தும் ஏன் மூடினார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஓடுபாதையை மட்டும் தள்ளிச் சுத்தம் செய்தால் போதாது. விமானம் நிற்கும் இடம், அங்கிருந்து ஊர்ந்து போகும் பாதை, படிக்கட்டு வண்டி ஓடும் வழி எல்லாம் சுத்தமாக வேண்டும். தள்ளிய பனியைக் கொட்ட இடம் வேண்டும். ஒரு பக்கம் தள்ளி முடிப்பதற்குள் மறுபக்கம் மூடிக்கொள்கிறது. வேலைக்கு வர வேண்டிய ஆட்களும் வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நகரத்தில் பேருந்தும் டிராமும் நின்றுவிட்டன, மத்திய ரயில் நிலையத்துக்கு ரயிலே வரவில்லை. முந்தைய இரவு ரயில் பெட்டிக்குள்ளேயே பலர் தூங்கியிருக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்தேன். என் விடுதியிலிருந்து மூன்று நிறுத்தம் தள்ளி இருக்கிற கால்பந்து மைதானத்தில் அன்று பயர்ன் அணிக்கும் யூனியன் பெர்லினுக்கும் நடக்கவிருந்த ஆட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். மியூனிக்கில் 44 சென்டிமீட்டர் பனி. 1933இல் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து டிசம்பர் மாதத்தில் அவ்வளவு பதிவானதே இல்லையாம்.

விடுதிக்கும் திரும்ப முடியாது. டாக்ஸி நிறுத்தத்தில் வண்டியே இல்லை, வரிசை மட்டும் இருந்தது. சரி, இருப்போம் என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் முனையத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் மின்செருகி இருந்த இடத்தைப் பிடித்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் குந்தியிருந்தார். என் கையிலிருந்த மஞ்சள் பையில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, “தமிழா? வா, இங்கே இரி” என்றார். நியூரம்பெர்க்கில் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, சொந்த ஊர் திருச்சூர் பக்கம். மூன்று வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிறாராம். அன்றிலிருந்து எனக்கு அவர் சேச்சி. வழிக்குக் கட்டி வந்த சப்பாத்தியும் முட்டை ரோஸ்ட்டும் டப்பாவில் இருந்தன. எனக்கு மூன்று கொடுத்து, தான் இரண்டு சாப்பிட்டார். வேண்டாம் என்றேன், அவர் கேட்கவே இல்லை.

சாப்பாட்டு விஷயம் மதியத்துக்கு மேல்தான் கஷ்டமானது. கடைகளில் ரொட்டி தீர்ந்துவிட்டது. உருளைக்கிழங்கு சூப் ஒரு கிண்ணம் 7 யூரோ 50, அதற்கும் அரை மணி நேர வரிசை. தண்ணீர் புட்டி மூன்றரை யூரோ. இரண்டு முனையங்களுக்கும் நடுவில், பெரிய கூரைக்குக் கீழே, கிறிஸ்துமஸ் சந்தை போட்டிருந்தார்கள். நடுவில் பனிச்சறுக்குத் தளம். பாதிக் கடைதான் திறந்திருந்தது. விமானத்தை விட்ட ஸ்பெயின் நாட்டுக் குழந்தைகள் அங்கே சறுக்கிக்கொண்டிருந்தன. அவர்களுடைய அப்பா தளத்து ஓரத்தில் நின்று போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இரவு ஒன்பது மணிக்கு மடக்குக் கட்டிலும் சாம்பல் நிறப் போர்வையும் கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் கட்டிலை, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தரையில் படுத்தார். நன்றி சொல்லக்கூட அந்தப் பெண்ணுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காவிடம் பேசினேன். “பத்திரமா இருக்கியாடி? குளிருதா?” என்று கேட்டாள். உள்ளே குளிரே இல்லை என்றேன். அங்கே வங்கக் கடலில் புயல் சின்னம் என்றாள். நான் அதைக் காதிலேயே சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

ஆறு மணிக்குத் திறந்தார்கள். திறந்தார்கள் என்பதற்காக எல்லா விமானமும் கிளம்பவில்லை, ஏதோ சில. மாற்றுப் பயணச்சீட்டுக்கு வரிசையில் நின்றேன். ஐந்தரை மணி நேரம். சேச்சியும் நானும் முறை வைத்து நின்றோம், ஒருவர் நிற்கும்போது மற்றவர் பெட்டிகளோடு உட்கார்ந்தோம்.

படிக்க வெளிநாடு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமானாலும், 261/2004 என்ற விதி பொருந்தும். வானிலையால் ரத்தானால் நஷ்டஈட்டுத் தொகை கிடைக்காது. ஆனால் சாப்பாடு, தங்க இடம், வேறு விமானம் அல்லது கட்டிய பணம், இவற்றை அவர்கள் தந்தே ஆக வேண்டும். வானிலை எங்கள் கையில் இல்லை என்பதற்காக இதிலிருந்து அவர்கள் விலக முடியாது. வரிசையில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. பலர் தங்கள் பணத்திலேயே சாப்பிட்டுவிட்டு ரசீதைத் தூக்கி எறிந்திருந்தார்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் இருந்த பெண் முந்தைய நாள் காலையிலிருந்து வேலையில் இருந்தார். மாற்ற வேண்டியவர் வந்து சேரவில்லை. கண் சிவந்திருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் உரக்கக் கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, “இப்போது உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்” என்று விசைப்பலகையில் கை வைத்தார். எனக்குத் திங்கட்கிழமை காலை 11 மணி விமானம் கிடைத்தது. ஓட்டல் எதுவும் காலி இல்லை. 15 யூரோவுக்குச் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தார். எஸ்8 அங்கங்கே ஓடத் தொடங்கியிருந்தது, விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். திரும்பி வர முடியாமல் போனால்? அங்கேயே இருந்துவிட்டேன்.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். விமான நிலையத்துச் சூப்பர்மார்க்கெட் மட்டும் திறந்திருக்கும். அங்கே தயிர், வாழைப்பழம், ஒரு பாக்கெட் ரொட்டி, எல்லாம் சேர்த்து 6 யூரோ சொச்சம். முந்தைய நாளே இது தோன்றாமல் போயிற்று.

அன்று முதல் அட்வென்ட் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு ஞாயிறுகளில் முதலாவது, வீடுகளில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். எங்களுக்கு எதிரில் கட்டில் போட்டிருந்த வயதான தம்பதி குளிர்காலத்துக்குக் கிரான் கனாரியா தீவுக்குப் போக வந்தவர்கள். நாலு மணிக்கு அந்தப் பாட்டி பெட்டியைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். பிறை வடிவத்தில், மேலே சர்க்கரைத் தூள் தூவிய வெனிலா பிஸ்கட். மகள் வீட்டுக்கு எடுத்துப்போவதாம். எங்களைச் சுற்றி இருந்த எட்டுப் பேருக்கும் இரண்டிரண்டாகக் கொடுத்துவிட்டு, டப்பா காலியானதும் மூடி உள்ளே வைத்தார். வாயில் வைத்தால் கரைந்தது. சேச்சி ஒன்றைச் சாப்பிட்டு, இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றித் தன் மகனுக்காகப் பையில் வைத்தார்.

இரவு பத்து மணிக்கு அம்மா அழைத்தாள். மதுரையிலிருந்து அவளும் அப்பாவும் அக்கா வீட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அங்கே மணி பின்னிரவு இரண்டரை. “மழை விடவே இல்ல. தெருவுல தண்ணி. கரண்ட்டை நிறுத்திட்டாங்க” என்றாள். அக்கா வீடு வேளச்சேரி ராம் நகர் பக்கம், தரைத்தளம். அவளுக்கு ஏழாவது மாதம்.

டிசம்பர் 4, திங்கள்

தூங்கவில்லை. ஒரு மணிக்கு அக்கா அனுப்பிய படத்தில் வாசற்படிக்கு மேல் தண்ணீர், அதில் டார்ச் வெளிச்சம். மூன்றரை மணிக்கு, அங்கே எட்டு மணி, இன்னொரு படம். கூடத்தில் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மிதக்கிறது. மாமாவும் அப்பாவும் அக்காவை நாற்காலியில் வைத்துத் தூக்கி மேல் வீட்டு ஆன்ட்டி வீட்டில் சேர்த்துவிட்டார்கள் என்று அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தாள். கடைசியில், “நீ வராத. அங்கேயே பத்திரமா இரு” என்றாள்.

மிக்ஜாம் புயல். சென்னை விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். முதலில் இரவு வரை என்றார்கள், அப்புறம் மறுநாள் காலை 9 மணி வரை. ஓடுபாதையில் தண்ணீர், அதில் விமானங்கள் நிற்கும் காணொளியைப் பார்த்தேன். வந்த விமானங்களைப் பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள். நான் வெள்ளைத் தரையில் விமானங்கள் நிற்பதை ஒரு கண்ணாடி வழியாகவும், பழுப்புத் தண்ணீரில் விமானங்கள் நிற்பதை இன்னொரு கண்ணாடி வழியாகவும் பார்த்துக்கொண்டிருந்தேன். 2015இல் டிசம்பர் 6 வரை அந்த விமான நிலையம் மூடிக் கிடந்தது நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. அன்று நான் பள்ளி மாணவி, மதுரையில் இருந்தேன். வெள்ளத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

எட்டு மணிக்குக் கவுண்டரில் சொன்னார்கள்: சென்னை போவதற்கு வழியில்லை, அபுதாபி வரை போகலாம், அங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று உறுதி இல்லை. இங்கேயே இருந்தால் அடுத்து 9ஆம் தேதிதான் இடம். நான் யோசிக்கவில்லை. கொஞ்சமாவது பக்கத்தில் போகிறேன் என்றேன்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் மூன்று மணி நேரம் நகரவில்லை. பனியகற்றுவதற்கு வரிசை. ஓடுபாதை முனையில் அதற்கென்று தனி இடம் இருக்கிறது. நீண்ட கை வைத்த வண்டி இரண்டு பக்கமும் வந்து நிற்க, கைநுனிக் கூண்டில் இருந்தவர் இறக்கைமேல் ஆரஞ்சு நிறத் திரவத்தைப் பீய்ச்சினார். கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்து சூடாக்கியது. ஆவி கிளம்பி ஜன்னலை மறைத்தது. ஏதோ பாகு காய்ச்சுகிற மாதிரி இனிப்பு வாசம் உள்ளே வந்தது. இறக்கைமேல் மணல் தாள் கனத்துக்கு உறைபனி இருந்தால்கூடக் காற்றோட்டம் கெட்டு விமானம் மேலெழும் விசை குறைந்துவிடும், அதனால்தான் இதில் யாரும் அவசரப்படுவதில்லை. பிறகு பச்சை நிறத்தில் கெட்டியான இன்னொன்றைப் பூசினார்கள். புதிதாக விழும் பனி கொஞ்ச நேரம் ஒட்டாமல் இருக்க அது. அந்தப் பூச்சு தாங்கும் நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும், தாமதமானால் மறுபடி முதலிலிருந்து. வழக்கமாக இருந்தால் இதையெல்லாம் அவ்வளவு ஆர்வமாகப் பார்த்திருப்பேன். அன்று பார்த்துக்கொண்டே போனில் அக்கா எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. அம்மா, அப்பா, மாமா, நான்கு எண்ணும் அப்படியே.

பக்கத்து இருக்கையில் சேச்சி. அவர் எதுவும் சொல்லவில்லை. கொச்சிக்கு மழையே இல்லை, அவருக்கு வழி திறந்துதான் இருந்தது. அபுதாபியில் இறங்கியதும் அவருடைய விமானத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. ஓட வேண்டியவர் நின்று, “விளிச்சிட்டு எனக்கு மெசேஜ் போடணும், கேட்டோ” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஓடினார்.

டிசம்பர் 5, செவ்வாய்

அபுதாபியின் புதிய முனையம் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லாம் பளபளவென்று இருந்தது. வெளியே வெயில். நான் இன்னும் பனிக்காலப் பூட்ஸிலும் கனமான ஸ்வெட்டரிலும் இருந்தேன், மாற்றுத் துணி எல்லாம் போட்ட பெட்டிக்குள்.

காலையில் ரோஸன்ஹைம் பையன் செய்தி அனுப்பினான். மியூனிக் விமான நிலையத்தை மறுபடி மூடிவிட்டார்களாம், உறைமழை என்று. ஜெர்மனில் ‘ஐஸ்ரேகன்’. மழைத் துளியாகவே விழும், தொட்ட இடத்தில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அது வலுத்துப் பெய்யும்போது இறக்கையில் பூசுகிற எந்தத் திரவமும் தாங்காது. முதலில் மதியம் 12 மணி வரை மூடல் என்று அறிவித்திருந்தார்கள். விடுதி வாசலில் இரண்டு பேர் வழுக்கி விழுந்துவிட்டார்களாம். ஒரு நாள் தள்ளியிருந்தால் நான் மூன்றாம் முறையாக அங்கேயே கிடந்திருப்பேன்.

சென்னைக்குப் போக வேண்டியவர்கள் ஒரு வாயிலுக்குப் பக்கத்தில் தானாகவே சேர்ந்துவிட்டோம். முப்பது பேர் இருப்போம். ராமநாதபுரத்து ஓட்டுநர் ஒருவர், தஞ்சாவூரிலிருந்து வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் தாத்தா பாட்டி, முடிச்சூர்க்காரர் ஒருவர், பள்ளிக்கரணையில் அடுக்ககம் வாங்கிக் கடன் கட்டும் பொறியாளர். யாருக்கு வீட்டிலிருந்து தகவல் கிடைத்தாலும் எல்லோருக்கும் சொன்னார்கள். “தாம்பரம் பக்கம் படகு வந்துடுச்சாம்.” “பள்ளிக்கரணைல ரெண்டாவது மாடி வரைக்கும் ஒண்ணும் இல்லியாம்.” வேளச்சேரி என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்க் கேட்டேன். முடிச்சூர்க்கார அண்ணன் காலையிலிருந்து எதுவுமே சாப்பிடவில்லை. ராமநாதபுரத்து அண்ணன் தன் சாப்பாட்டுச் சீட்டில் இரண்டு பிரியாணி வாங்கி வந்து, ஒன்றை அவர் மடியில் வைத்து, “சாப்பிடுங்க, அப்புறம் அழுவலாம்” என்றார். அவர் சாப்பிட்டார். ஒரு டீ 15 திர்ஹம், 340 ரூபாய்க்கும் மேல். தஞ்சாவூர்ப் பாட்டி அந்த விலையைக் கேட்டுவிட்டுத் தனக்கு டீ பழக்கமே இல்லை என்றார். தாத்தா எழுந்து போய் வாங்கி வந்தார்.

காலை ஒன்பது மணிக்குச் சென்னை திறந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் தேங்கிய கூட்டம். எனக்கு இரவு விமானத்தில் இடம் இருக்கிறது, இல்லை, இருக்கலாம் என்று நாலு முறை மாற்றிச் சொன்னார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மேல் வீட்டு ஆன்ட்டியின் மகன். தண்ணீரில் நடந்து கிண்டி வரை வந்து, ஒரு கடையில் போனுக்குச் சார்ஜ் போட்டுப் பேசுகிறான். “அக்கா நல்லா இருக்காங்க. குழந்தை அசையுதாம், உங்ககிட்ட அதை மொதல்ல சொல்லச் சொன்னாங்க” என்றான். நான் சுவரோரமாகக் கீழே உட்கார்ந்துவிட்டேன். தஞ்சாவூர்ப் பாட்டி வந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார், என்ன விஷயம் என்றுகூடக் கேட்கவில்லை. சேச்சிக்குச் செய்தி போட்டேன். அடுத்த நொடியே பதில் வந்தது. போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

எட்டு மணிக்கு இருக்கை எண் கொடுத்தார்கள். முடிச்சூர் அண்ணனுக்கும் கிடைத்தது. ராமநாதபுரத்து அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அவர் எங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வாயில் வரை வந்தார்.

டிசம்பர் 6, புதன்

விடியற்காலை நாலு மணிக்குச் சென்னையில் இறங்கினோம். வானம் துப்புரவாக இருந்தது, நட்சத்திரம் தெரிந்தது. பெட்டி வர ஒன்றரை மணி நேரம். வேளச்சேரி என்றதும் டாக்ஸிக்காரர்கள் தலையாட்டி மறுத்தார்கள். மெட்ரோ ஓடியது. கிண்டியில் இறங்கி ஒரு ஆட்டோ. விஜயநகர் பேருந்து நிலையம் வரைதான் வர முடியும் என்றார், 300 ரூபாய். வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான், ஆனாலும் பேரம் பேச மனம் வரவில்லை. அவர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, “பாஸ்போர்ட்டை இதுல போட்டுக்கம்மா, உள்ள இன்னும் முழங்காலுக்கு நிக்குது” என்றார்.

நின்றது. எண்ணெய்ப் படலமும் சாக்கடை வாசமுமாகக் கறுத்த தண்ணீர். மியூனிக்கில் 80 யூரோ கொடுத்து வாங்கிய பனிப் பூட்ஸ் காலில். அதற்குள் வேளச்சேரித் தண்ணீர் முதல் நாலு எட்டிலேயே நிறைந்துவிட்டது, ஒவ்வொரு காலும் குடம் மாதிரி கனத்தது. பெரிய பெட்டியை எப்படித் தூக்குவது என்று நின்றபோது பால் பாக்கெட் வாங்கப் போன இரண்டு பையன்கள் வந்தார்கள். காலி மீன்பாடி வண்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. பெட்டிகளை அதில் ஏற்றி, நான் பின்னால் பிடித்துக்கொள்ள, தெரு முனை வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். அரை லிட்டர் பால் 100 ரூபாய்க்கும் கிடைக்கவில்லை என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்கள். பணம் நீட்டியதற்கு ஒருவன் கோபப்பட்டான்.

அக்கா மேல் வீட்டு வாசலில், படிக்கட்டுத் தலைப்பில், நின்றுகொண்டிருந்தாள். அம்மா கீழே ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்து, “என்னடி இது செருப்பு, இவ்ளோ கனமா இருக்கு, கழட்டு மொதல்ல” என்றாள். மின்சாரம் வரவில்லை. மெழுகுவர்த்தி, குடத்தில் மழைத் தண்ணீர், அரிசிக் கஞ்சி, எலுமிச்சை ஊறுகாய். ஆன்ட்டி வீட்டில் அந்த இரண்டு நாளும் பதினொரு பேர் இருந்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு பாய் விரித்துப் பன்னிரண்டாக ஆக்கினார்கள்.

டிசம்பர் 8, வெள்ளி

வளைகாப்பைத் தள்ளிப்போடலாம் என்று அப்பா சொன்னார். அக்கா ஒப்பவில்லை. மண்டபம் தண்ணீரில் கிடந்தது, அழைத்தவர்களால் வர முடியாது. ஆன்ட்டி வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொண்டோம். ஏழு வகைச் சாதத்துக்குப் பதில் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் மட்டும்.

அம்மா மதுரையில் வாங்கி வந்த கண்ணாடி வளையல்கள் கீழ் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. அட்டைப்பெட்டி கூழாகிவிட்டது. மாமா சேற்றுக்குள் கையை விட்டு அளைந்து ஒவ்வொரு டஜனாக எடுத்துக் கொடுத்தார். மாடிப் படியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு அம்மா சீயக்காய்ப் பொடி போட்டுத் தேய்த்தாள், நான் பழைய வேட்டியில் துடைத்தேன். பச்சை, சிவப்பு, மஞ்சள். நாலைந்துதான் உடைந்திருந்தன. பூட்ஸ் பக்கத்துச் சுவரில் காய்ந்துகொண்டிருந்தது. துடைத்துத் துடைத்துத் தட்டில் அடுக்க, அக்கா கூடத்திலிருந்தே எத்தனை தேறும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.